உடம்பு மறப்பதில்லை

ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் தொட்டுத் தொடங்கி வைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர்வரை தொடர்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்த இந்த மீனவ ஊருக்கு அன்று சுற்றுவட்டாரமே திரண்டு வரும். வேப்பிலையும் மஞ்சளும் கூழுமாக நிற்கும் அந்தக் கூட்டத்தில், வயதானவர்களிடம் அம்மையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் சொல்வார்கள். ஆத்தா ஒரு தடவை வந்து இறங்கிப் போய்விட்டால், அந்த உடம்பில் மறுபடி இறங்கமாட்டாள். பெரியம்மை இருந்த காலத்தில் முகத்தில் தழும்பு விழுந்தவர்கள்தான் நோயாளிக்குத் துணை இருந்தார்கள். அவர்களுக்கு இனிப் பயமில்லை என்பது வீட்டுக்கே தெரியும். எட்வர்ட் ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் பாலைக் கீறி வைத்துச் சோதித்ததற்கு முன்பே உலகத்தின் பல ஊர்களில் இந்த அறிவு இருந்தது.

சளிக்காய்ச்சலைப் பற்றி இதே மனிதர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் வரும், நாலு நாள் படுக்கையில் போடும், போகும். அடுத்த ஐப்பசியிலும் வரும். அதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது.

இரண்டும் அனுபவத்தில் விளைந்த அறிவு. இரண்டும் சரியானவை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. உடம்பு ஒன்று, இரத்தம் ஒன்று, நோயை எதிர்க்கும் ஏற்பாடும் ஒன்றுதான். பிறகு ஏன் ஓர் இடத்தில் ஆயுளுக்கும் காவல், இன்னோர் இடத்தில் அடுத்த மழைக்குக்கூடத் தாங்குவதில்லை? கொரோனா வந்தபோது நாம் குழம்பியது இந்த இடத்தில்தான். அம்மைக்குப் பழகிய கணக்கை அதற்கும் போட்டோம். வந்துபோனால் முடிந்தது, ஊசி போட்டால் முடிந்தது என்று நினைத்தோம். அது காய்ச்சலின் கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. ஊசி பொய் என்று சிலர் சொன்னார்கள். உடம்பில் எதிர்ப்பு போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள்.

முதலில் இரண்டாவது கட்சியை எடுத்துக்கொள்கிறேன். உடம்பு மறந்துவிட்டதா?

காய்ச்சல் விட்டபின் இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள்களின் அளவு மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும் என்பது உண்மை. ஆனால் அவற்றைச் செய்யக் கற்ற செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கிவிடுகிறது. எத்தனை காலம்? 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 91 முதல் 101 வயதுவரையிலான 32 முதியவர்களின் இரத்தத்தைச் சோதித்து வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல பதில். 1918இன் கொள்ளைக்காய்ச்சல் வந்தபோது அவர்கள் சிறு குழந்தைகள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே காய்ச்சல். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தனை பேரின் இரத்தமும் அந்த 1918 வைரஸை அடையாளம் கண்டது. எட்டுப் பேரின் செல்களை எடுத்து ஆராய்ந்ததில், ஏழு பேருக்கு அந்த வைரஸுக்கு எதிரான பொருளைச் சுரக்கும் செல்கள் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. பேரன் பேத்தி பெயரை மறக்கிற வயதில், இரத்தம் மழலைப் பருவத்தின் எதிரியை மறக்கவில்லை.

ஆக, சளிக்காய்ச்சல் மீண்டும் வருவதற்கு நம் மறதி காரணமல்ல. நினைவு அப்படியே இருக்கிறது. வருகிறவன்தான் பழைய ஆள் இல்லை.

தமிழ்க் கடற்கரைக்கு அப்படி ஒரு புது ஆள் எப்படி வந்து சேர்ந்தான் என்பதற்குத் தேதியுள்ள சாட்சியம் ஒன்று உண்டு. ரஜூலா என்ற கப்பலைப் பற்றிப் பழைய தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த கப்பல் அது. 1957 மே மாதத்தின் நடுவில் அது சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது பயணிகள் பலர் காய்ச்சலோடு இறங்கினார்கள். சீனாவில் தொடங்கி, ஹாங்காங்கைத் தாண்டி, சிங்கப்பூரைப் படுக்கவைத்திருந்த புதிய சளிக்காய்ச்சல், அதாவது இன்ஃப்ளூயன்ஸா அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்ஃப்ளூயன்ஸா மையம் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் கண்டதாகவும் ஆயிரத்துச் சொச்சம் பேர் இறந்ததாகவும் பதிவானது. பதிவாகாதது எவ்வளவோ.

அன்று சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்த நடுவயதுக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1918க்குப் பிறகு அவர் நாலைந்து முறையாவது சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பார். அவருடைய இரத்தம் அனுபவசாலி. ஆனாலும் ரஜூலாவில் வந்த வைரஸுக்கு முன்னால் அது புதுப்பிள்ளையாக நின்றது. காரணம், இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மரபுத்தாள் (மரபுச் செய்தி எழுதப்பட்ட இழை) ஒரே நீளமாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் மனித வைரஸும் பறவை வைரஸும் ஒருசேரப் புகுந்துவிட்டால் இந்தத் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். 1957இன் வைரஸ் ஐந்து துண்டுகளைப் பழைய மனித வைரஸிலிருந்தே வைத்துக்கொண்டு, மூன்றைப் பறவையிடமிருந்து வாங்கியிருந்தது. அந்த மூன்றில் இரண்டு, எதிர்ப்பொருள்கள் பார்த்துப் பழகிய மேற்பரப்புப் புரதங்களுக்கானவை. உள்ளே பாதிக்கு மேல் பழையது, முகம் மட்டும் முற்றிலும் புதிது. எதிர்ப்பொருளுக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான்.

இப்படி ஒரே அடியாக முகம் மாறுவது அபூர்வம். 1918, 1957, 1968, 2009 என்று ஒரு நூற்றாண்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நடுவில் வரும் மழைக்காலங்களில் நடப்பது வேறு. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழை விழுகிறது. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு அந்தப் பிழையைத் திருத்தும் வசதியே கிடையாது. பிழைகளில் பெரும்பாலானவை வைரஸையே கெடுத்துவிடும். சில பிழைகளால் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. மிகச் சில, எதிர்ப்பொருள் வந்து உட்காரும் இடத்தில் விழுகின்றன. ஓர் எதிர்ப்பொருள் வைரஸின் முழு உருவத்தையும் பிடிப்பதில்லை. புரதத்தின் மேல் இருபது அமினோ அமிலங்களுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன உள்ள ஒரு சின்னப் பரப்பைத்தான் பிடிக்கிறது. அதில் ஒன்று மாறி, மின்னூட்டமோ வடிவமோ சற்றுப் பிசகினால்கூடப் பிடி தளர்ந்துவிடும். சில வேளை அந்தப் பரப்பின்மேல் சர்க்கரைச் சங்கிலி ஒன்று புதிதாக முளைத்து அதை மூடிவிடுவதும் உண்டு.

பத்திரிகைகள் இதை வைரஸின் தந்திரம் என்று எழுதுகின்றன. அந்தப் பேச்சை நாம் விட்டுவிட வேண்டும். வைரஸுக்குத் தந்திரம் தெரியாது, நம்மைத் தெரியாது, தப்பிக்கிறோம் என்பதும் தெரியாது. பிழைகள் எல்லாத் திசையிலும் குருட்டாம்போக்கில் விழுகின்றன. அவற்றில் எது நிலைக்கும் என்று தீர்மானிப்பது நம் இரத்தம். எதிர்ப்பொருள் இல்லாத ஊரில் முகம் மாறிய வைரஸுக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. எதிர்ப்பொருள் நிறைந்த ஊரில் மாறாதவை அழிகின்றன, மாறியவை மிஞ்சுகின்றன. வைரஸின் அடுத்த முகத்தை வரைவது நம்முடைய நினைவுதான். கொஞ்சம் சங்கடமான உண்மை இது.

இது கண்முன்னே நடந்ததைப் புதுச்சேரி பார்த்தது. 2020 ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை, ஒரு மாத இடைவெளியில் மூன்று முறை, ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புதுச்சேரி மக்களின் இரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேடினார்கள். முதல் முறை நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இல்லை: 4.9 சதவீதம். அடுத்த மாதம் 20.7. அதற்கடுத்த மாதம் 34.5. இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்களின் இரத்தத்தில் தடம் விழுந்துவிட்டது. பரிசோதனையில் நோய் கண்டறியப்பட்டவர்களைப்போல் இருபது மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பலர் அது வந்ததையே அறியவில்லை. அரசின் பதிவேடு அறியாததை இரத்தம் குறித்து வைத்திருந்தது.

2021இல் டெல்டா அலை. அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய நான்காவது ஆய்வில் எதிர்ப்பொருள் உள்ளவர்களின் பங்கு 67.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கோவிஷீல்டும் கோவேக்சினும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. அதுவரை ஒன்றன்பின் ஒன்றாக வென்று வந்த ஆல்ஃபா, டெல்டா வகைகள் முக்கியமாக அதிவேகமாகப் பரவியதால் வென்றவை. எதிர்ப்பு இல்லாத மனிதர்கள் ஏராளமாக இருந்தவரை அந்த வேகம் போதும். 2021இன் இறுதியில் உலகம் முழுக்கப் பெரும்பாலோரின் இரத்தம் ஏதோ ஒரு வகையில் பழகிவிட்டது. இனி வேகம் மட்டும் போதாது என்ற நிலைமை வந்த கட்டத்தில், அந்த நவம்பரில், தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் ஒமிக்ரான் கண்டறியப்பட்டது. 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் கூர்முனைப் புரதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள் மாறியிருந்தன. மனித செல்லைப் பற்றும் பகுதியில் மட்டும் பதினைந்து மாற்றங்கள். நம் எதிர்ப்பொருள்களில் மிக வலுவானவை வந்து உட்காரும் இடம் அதுவே. டிசம்பர் நடுவில் தமிழ்நாட்டிலும், மாத இறுதியில் புதுச்சேரியிலும் அது இருப்பது உறுதியானது. ஜனவரியில் வீட்டுக்கு வீடு இருமல்.

கொரோனா வைரஸுக்குப் பிரதி எடுக்கையில் பிழை திருத்தும் வசதி ஓரளவு உண்டு. இன்ஃப்ளூயன்ஸாவைவிட நிதானமாகத்தான் அது மாற வேண்டும். அப்படியிருக்க இத்தனை மாற்றங்கள் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன? எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவரின் உடம்பில் மாதக்கணக்கில் தங்கி, அரைகுறை எதிர்ப்போடு மல்லுக்கட்டியபடியே மாறி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஓர் உடம்புக்குள்ளேயே இப்படி முகம் மாறிக்கொண்டிருப்பதற்கு எச்ஐவியைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்ட இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் அது இருப்பது முதலில் தெரிந்தது. உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யாமலில்லை. செய்து முடிப்பதற்குள் அதே உடம்பில் இருக்கும் வைரஸ் வேறாகிவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. மாத்திரைகள் ஆயுளை நீட்டித் தந்திருக்கின்றன, தடுப்பூசி மட்டும் இன்னும் கைகூடவில்லை.

இங்கே வீராம்பட்டினத்துக்குத் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. அரிக்கமேடு என்று இன்று நாம் சொல்லும் தொல்லியல் மேடு ஊருக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினத்துக்காரர்கள் அங்கே பழைய செங்கல்களைப் பெயர்த்தெடுத்த செய்தி பிரெஞ்சுப் பதிவில் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்யப்பட்ட மெருகேற்றிய செந்நிற மட்பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அவை கிடந்த அடுக்கின் காலமும், அதே அடுக்கில் கிடந்த தமிழகப் பானை ஓடுகளின் காலமும் தெரியவந்தன. தென்னிந்தியத் தொல்லியலுக்கு நம்பகமான காலக்கணக்கு அந்த ஓடுகளிலிருந்து தொடங்கியது. வீலருக்குப் பின் தோண்டிய ழான்-மரி கசால் 1949இல் பாரிஸில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயரும் அரிக்கமேட்டின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

இரத்தத்தையும் இப்படித் தோண்டியிருக்கிறார்கள். ரஜூலா கொண்டுவந்த அதே காய்ச்சல் ஐரோப்பாவை எட்டியபோது, நெதர்லாந்தில் முல்டர், மசூரல் என்ற ஆய்வாளர்கள், அந்த அலை வருமுன்பே எடுத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். இளையவர்களிடம் புதிய வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லை. எழுபதைத் தாண்டிய முதியவர்கள் பலரிடம் இருந்தது. அப்படியானால் இந்தப் புதிய வைரஸ் அவர்களுக்குப் புதியதல்ல. 1889-90இல் உலகைச் சுற்றிய கொள்ளைக்காய்ச்சலை உண்டாக்கியது இதைப்போன்ற ஒன்றாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1889இன் அந்த வைரஸை எந்த நுண்ணோக்கியும் பார்த்ததில்லை. கிழவர் கிழவிகளின் இரத்தம் மட்டுமே அதற்குச் சாட்சி. அந்த ஊகத்தைப் பற்றி இன்றும் விவாதம் இருக்கிறது. முறையைப் பற்றி விவாதமில்லை: பிறந்த ஆண்டைச் சொன்னால், ஒருவருடைய இரத்தத்தின் அடியில் எந்த வைரஸ் படிந்திருக்கும் என்று பெருமளவு சொல்லிவிடலாம். 1977இல், இருபது ஆண்டுகள் காணாமல் போயிருந்த எச்1என்1 வகை இன்ஃப்ளூயன்ஸா திரும்பி வந்தபோது அதிகமாகப் படுத்தவர்கள் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள். மூத்தவர்களின் இரத்தம் பழைய ஆளை அடையாளம் கண்டுகொண்டது.

ஆனால் மேட்டுக்கும் இரத்தத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. என் கட்டுரைக்குத் தேவை அந்த வித்தியாசம்தான். அரிக்கமேட்டுக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது நிமிர்ந்து நிற்கும் செங்கல் சுவர். ரோமானியர்கள் கட்டியது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் மிச்சம். மண்ணில் ஆக இளையது மேலே நிற்கும், ஆக மூத்தது ஆழத்தில் கிடக்கும். இரத்தத்தில் தலைகீழ். புதிய காய்ச்சல் ஒன்று வந்து கிளறினால், முதலில் எழுந்து வருவது ஆகப் பழைய அடுக்கு. குழந்தையாக இருந்தபோது முதன்முதலில் சந்தித்த வைரஸுக்கு எதிரான பொருளையே உடம்பு மறுபடி மறுபடி அதிகமாகச் செய்கிறது. புதியவனுக்கு ஏற்ற ஒன்றைப் புதிதாகச் செய்வதில் அதற்கு அவ்வளவு ஆர்வமில்லை. அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960இல் இதற்கு ஆதிபாவம் என்ற விவிலியச் சாயலில் பெயர் வைத்தார்.

பாவம் என்பது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. முதல் நினைவு பல வேளைகளில் காப்பாற்றியும் இருக்கிறது. 2009இன் பன்றிக்காய்ச்சலில் முதியவர்கள் பெருமளவு தப்பியதற்கு, சிறுவயதில் அவர்கள் பார்த்த 1918இன் வம்சாவளி வைரஸ்கள் ஒரு காரணம். கோழி, வாத்துகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய பறவைக்காய்ச்சல் நோயாளிகளின் பிறந்த ஆண்டை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது. 1968க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1இலிருந்து ஓரளவு காப்பு, பின் பிறந்தவர்களுக்கு எச்7என்9இலிருந்து ஓரளவு காப்பு. குழந்தைப் பருவத்தில் எந்தக் குடும்பத்து வைரஸ் முதலில் வந்தது என்பதே வித்தியாசம்.

சில சமயம் முதல் நினைவின்மேல் உடம்புக்கு உள்ள இந்த விசுவாசம் ஆபத்தாகவும் முடியும். மழை விட்டதும் புதுச்சேரியில் டெங்கு வருவது புதிதில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகைகள். முதல் வகைக்குச் செய்த எதிர்ப்பொருள் இரண்டாவது வகையை அரைகுறையாகப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அப்படிப் பிடிபட்ட வைரஸைச் சில இரத்த வெள்ளணுக்கள் எளிதாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வைரஸுக்குக் கதவு திறந்துவிட்டதாகிறது. இரண்டாவது முறை வரும் டெங்கு முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அப்படியானால் அம்மை? வீராம்பட்டினத்து வயதானவர்கள் சொன்னது ஏன் பலித்தது? பெரியம்மை வைரஸின் மரபுத்தாள் டிஎன்ஏவால் ஆனது. பிழை குறைவு, மாற்றம் மெதுவானது. அதனால் ஒரே தடுப்பு மருந்தைக் கொண்டு அதை உலகத்திலிருந்தே ஒழிக்க முடிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல், ஒழிந்தது என்ற உலக அறிவிப்பு 1980இல். ஆனால் மணல்வாரி என்று சொல்கிறோமே, தட்டம்மை, அது ஆர்என்ஏ வைரஸ். இன்ஃப்ளூயன்ஸாவைப்போலவே பிழைகளைக் கொட்டும். ஆனாலும் 1954இல் பாஸ்டனில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசி இன்றைய தட்டம்மையையும் தடுக்கிறது. தட்டம்மை வைரஸ் நம் செல்லைப் பற்றப் பயன்படுத்தும் இடங்களும் எதிர்ப்பொருள் வந்து பிடிக்கும் இடங்களும் பெருமளவு ஒன்றே. அங்கே கைவைத்தால் அதற்கே பிழைப்பு கிடையாது. பிழை எல்லோருக்கும் விழுகிறது. அதைத் தாங்கும் இடம் எல்லோரிடமும் இல்லை. ஆயுள் காவலும் ஆண்டுக் காவலும் பிரிவது அங்கேதான்.

இதே தட்டம்மை, இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு ஒரே பெரிய விதிவிலக்கும்கூட. அது நினைவைச் சுமக்கும் செல்களையே தொற்றி அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த முடிவுகளின்படி, தட்டம்மை வந்துபோன குழந்தைகளிடம் மற்ற நோய்களுக்கு எதிராக முன்பு சேர்ந்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தன. சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று உடம்பு கற்ற பாடமெல்லாம் மறுபடி முதலிலிருந்து. மாறாத வைரஸ் ஒன்று மறக்கவைக்கிறது, மாறும் வைரஸ் நினைவைச் செல்லாக்காசாக்குகிறது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், முதலாவது என்பேன். அதற்கு ஊசி இருந்தும் போடாமல் விடுவது, அதைவிட மோசம்.

இப்போது முதல் கட்சி. ஊசி போட்டும் வந்ததே, அப்படியானால் ஊசி பொய்யா?

எதிர்ப்பொருள் உடம்பின் ஒரு படைதான். டி செல்கள் என்று இன்னொரு படை இருக்கிறது. அவை வைரஸின் முகத்தைப் பார்ப்பதில்லை. தொற்றிய செல், உள்ளே இருக்கும் வைரஸ் புரதத்தைத் துண்டு துண்டாக்கி வெளியே காட்டும். அந்தத் துண்டுகளைப் பார்த்து டி செல்கள் அடையாளம் காண்கின்றன. முகம் மாறினாலும் உள்ளே பெரும்பகுதி மாறுவதில்லை. ஒமிக்ரான் எதிர்ப்பொருள்களைத் தாண்டி மூக்கிலும் தொண்டையிலும் தொற்றியது. நுரையீரலைச் சாய்க்குமுன் டி செல்களும், மிச்சமிருந்த எதிர்ப்பொருள்களும் பெரும்பாலோரிடம் அதை மறித்தன. 2021 மே மாதத்தில் ஆக்சிஜனுக்கு அலைந்ததையும் 2022 ஜனவரியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒமிக்ரான் இயல்பிலேயே சற்று மென்மையானது என்பதும் சேர்ந்ததுதான். ஆனாலும் அதே அலையில் தடுப்பூசி போடாத முதியவர்கள் நிறைந்த ஹாங்காங்கில் சாவு குவிந்தது. வைரஸ் ஒன்றுதான். இரத்தத்தில் நினைவு இல்லாததுதான் வித்தியாசம்.

தொற்றே வராது என்று ஊசியிடம் எதிர்பார்த்தது நம் தவறான எதிர்பார்ப்பு. உயிர் போகாமல் காப்பது அது செய்யக்கூடியது, செய்தது. தொற்றைத் தடுக்கவும் வேண்டுமென்றால், வைரஸின் முகம் மாற மாற ஊசியும் மாற வேண்டும். 2023 ஆகஸ்டில் பிஏ.2.86 என்ற கொரோனா வகை, முன்னோரிடமிருந்து முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களோடு வந்தும் பெரிதாகப் பரவவில்லை. அதன் பிள்ளை ஜேஎன்.1, கூர்முனைப் புரதத்தின் 455ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் செரின் என்ற ஒரே ஒரு கூடுதல் மாற்றத்தோடு, சில மாதங்களில் உலகத்தைப் பிடித்தது. அந்த டிசம்பரில் கேரளத்திலும் கண்டறியப்பட்டது. முப்பது மாற்றம் செய்யாததை ஒன்று செய்தது. முன்கூட்டிச் சொல்ல முடியாத இந்தக் கணக்கை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பொதுப்பணி. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு அந்தப் பணி எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும், அடுத்த ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து அறிவிக்கிறது. பல நாட்டு ஆய்வகங்களில் மூக்குச்சளி மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் உழைப்பு அந்த ஓர் அறிவிப்புத் தாள்.

அந்த உழைப்பு நம் ஊர் முதியவர்களுக்கு வந்து சேர்வதில்லை. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சளிக்காய்ச்சல் ஊசி இல்லை. காசு கொடுத்துப் போட வேண்டும். பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் போன வருஷம் போட்டேனே என்கிறார்கள். நாட்டின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்ஸா ஆடி, ஆவணி மழையோடு உச்சத்துக்குப் போகிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். நம் கடற்கரை அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயும் இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் புரட்டாசி பிறப்பதற்கு முன் அந்த ஆண்டின் ஊசியை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்கும் அது கிடைக்க, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அதை இலவசமாக வைக்கும்படி அரசைக் கேட்க வேண்டும்.